அவருடைய ஈதரும் புதன் கோளின் 43 விநாடியும்

அப்பாவின் பழைய நண்பர் ஒருவர், பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதிலிருந்தே அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் 112 பக்க நோட்டு ஒன்றை என் கையில் வைத்து, "தம்பி, நீ பௌதிகம் படிச்சவன். எங்க தப்புன்னு மட்டும் சொல்லு, சரின்னு சொல்ல வேண்டாம்" என்றார். உள்ளே நீல மையில், அடித்தல் திருத்தல் அதிகம் இல்லாத கையெழுத்தில், ஐன்ஸ்டைனின் சார்பியலுக்கு மாற்றாக ஒரு முழுக் கொள்கை. மூன்று வருட உழைப்பு. அதைத் தட்டச்சு செய்து ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருக்கிறார், நான்கே நாளில் இரண்டு வரி பதிலோடு திரும்பி வந்துவிட்டது. மறுத்ததுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. படிக்காமலே மறுத்துவிட்டார்களே என்பதுதான் மனதில் தைத்திருந்தது.

நானும் கிட்டத்தட்ட அதையேதான் செய்தேன். பத்துப் பக்கம் புரட்டினேன், ஒளி பரவ ஊடகம் என்று ஒரு காலத்தில் நம்பப்பட்ட 'ஈதர்' என்ற சொல் கண்ணில் பட்டது, மூடி வைத்துவிட்டேன். அடுத்த முறை பார்த்தபோது, "இதெல்லாம் நூறு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சுபோன விஷயம் மாமா" என்றேன். அவர் கோபப்படவில்லை. "எங்க முடிஞ்சுது? எந்தச் சோதனையில?" என்று கேட்டார். ஈதரைத் தேடி ஒன்றும் கிடைக்காமல் போன மைக்கல்சன்-மார்லி சோதனை என்று யோசிக்காமல் சொன்னேன், பாடப்புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது. அவர் நோட்டை வாங்கி ஏழாம் பக்கத்தைத் திறந்து காட்டினார். "அந்தச் சோதனையில பூஜ்யம் வரணும்னுதான் என் கொள்கையும் சொல்லுது. அது எனக்குச் சாதகமான சாட்சி ஆச்சே!"

அவர் சொன்னது சரி. அன்றைக்கு எனக்குப் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். அதற்கப்புறம் எட்டு மாதமாக நாங்கள் இரண்டு பேரும் மோதிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மாற்றுச் சார்பியல் என்று ஒன்றை யாராவது கொண்டுவந்தால் அது அறிவியல்படி நிற்குமா என்று எதை வைத்துச் சொல்வது? படிக்கிற காலத்தில் இதை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. இவரோடு சண்டை போட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் அவருடைய கொள்கை. ஒளி ஓர் அலை, அலைக்கு ஊடகம் வேண்டும், அந்த ஊடகம் ஈதர். அந்த ஈதரைப் பூமி தன் ஈர்ப்பால் இழுத்துப் பிடித்து, சூரியனைச் சுற்றும்போது கூடவே கொண்டுபோகிறது. ஆகவே தரையில் நிற்கிற நமக்கு ஈதர் அசையாமல் இருப்பதுபோல் தெரியும், ஒளி எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் போகும். காலம் எல்லோருக்கும் ஒன்றே. நீளம் சுருங்குவதில்லை, கடிகாரம் மெதுவாவதில்லை. இப்படியே பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகிற கொள்கைதான், எனக்கும் ஒரு வாரம் பிடித்திருந்தது.

மைக்கல்சனும் மார்லியும் 1887-ல் கிளீவ்லாந்தில் செய்தது இதுதான். ஒன்றரை மீட்டர் சதுரக் கற்பலகை ஒன்றைப் பாதரசத்தில் மிதக்கவிட்டு, அதன்மேல் கண்ணாடிகளைப் பொருத்தி, ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் அனுப்பி, திரும்ப ஒன்றுசேர்த்தார்கள். கண்ணாடிகளுக்கு இடையே ஒளி பல தடவை போய்த் திரும்புவதால் ஒவ்வொரு கையும் 11 மீட்டர் நீளத்துக்குச் சமம். பூமி சூரியனைச் சுற்றுவது விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில். ஈதர் அசையாமல் நின்று பூமி மட்டும் அதற்குள் பாய்ந்து போகிறது என்றால், பலகையைச் சுற்றும்போது, இரண்டு கற்றையும் சேரும் இடத்தில் தெரிகிற ஒளி-இருள் பட்டைகள் ஒரு பட்டை அகலத்தில் 0.4 பங்கு நகர வேண்டும். நகர்ந்தது அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை, அனேகமாக நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை என்று அவர்களே எழுதினார்கள். இந்தச் சோதனை கொன்றது 'அசையாத ஈதர், சுருங்காத அளவுகோல்' என்ற ஜோடியை மட்டும்தான். பூமியோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஈதரை அது தொடக்கூட இல்லை. 'மைக்கல்சன்-மார்லி ஈதர் இல்லை என்று நிரூபித்தது' என்ற ஒற்றை வரியை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. அந்த வரி பாதிதான் உண்மை.

மாமாவின் ஈதரைத் தொட்டது அதற்கு 160 வருடம் முந்தைய ஓர் அளவீடு. இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு அழகான விஷயம்.

1720-களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் பிராட்லி என்ற ஆங்கில வானியலாளர் காமா டிராகோனிஸ் என்ற விண்மீனை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார். அது லண்டனில் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேலே வந்து போகும். ஒரு வருடத்தில் அந்த விண்மீன் தன் நடுநிலையிலிருந்து இந்தப் பக்கம் 20 விநாடி, அந்தப் பக்கம் 20 விநாடி என்று அசைந்தது. விநாடி என்றால் இங்கே கோண விநாடி, ஒரு பாகையை 3600 பங்காக்கினால் வருவதில் ஒரு பங்கு. காரணம் மழையில் நடப்பதுதான். மழை நேராகக் கொட்டினாலும், வேகமாக நடக்கிறவர் குடையை முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் நனையாமல் போக முடியும். தொலைநோக்கியும் அப்படியே. 10 மீட்டர் நீளமுள்ள ஒரு குழாயின் மேல்முனையில் நுழைந்த ஒளி கீழ்முனைக்கு வந்து சேருவதற்குள் பூமி அந்தக் குழாயை 1 மில்லிமீட்டர் நகர்த்திவிடுகிறது. அந்த 1 மில்லிமீட்டருக்காகக் குழாயைச் சாய்த்தாக வேண்டும். 30 கிலோமீட்டரை 3 லட்சம் கிலோமீட்டரால் வகுத்தால் பத்தாயிரத்தில் ஒன்று, கோணமாக மாற்றினால் 20.6 விநாடி. பிராட்லி பார்த்ததும் அதுவே. ஒரு தாளில் இரண்டு வரியில் முடிகிற கணக்கு.

இப்போது மாமாவின் ஈதரை உள்ளே கொண்டுவாருங்கள். ஓடுகிற ரயில் பெட்டியில் சன்னலை எல்லாம் மூடிவிட்டு எதிரே இருப்பவரிடம் பேசினால் குரல் நேராகத்தான் போய்ச் சேரும், ஏனென்றால் காற்றும் பெட்டியோடு சேர்ந்து ஓடுகிறது. ஈதர் தொலைநோக்கியோடு சேர்ந்து வந்தால் ஒளியும் அதில் ஏறி நேராக வரும், குழாயைச் சாய்க்க வேண்டிய அவசியமே இராது. ஆனால் சாய்க்கிறோம், வருடா வருடம், எல்லா விண்மீனுக்கும், அதே 20 விநாடி. ஆகப் பிராட்லியைக் கேட்டால் ஈதர் பூமியோடு வரவில்லை, மைக்கல்சனைக் கேட்டால் ஈதர் நம்மைக் கடந்தும் போகவில்லை. ஒன்றிலிருந்து தப்பித்தால் இன்னொன்றில் மாட்டிக்கொள்கிற மாதிரி இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து இழுக்கின்றன. சார்பியல் பிறந்த நெருக்கடி இதுதான் என்பது படிப்பு முடிந்து பத்து வருடத்துக்கு அப்புறம் எனக்குப் புரிந்தது.

இதைச் சொன்னதும் மாமா ஒரு வாரம் அவகாசம் கேட்டார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பதில் இருந்தது. ஈதர் பூமியோடு வருகிறது, ஆனால் உயரம் போகப்போகப் பிடிப்பு தளர்கிறது, தளர்கிற அந்த இடைப்பட்ட பகுதியில் ஒளி வளைகிறது, அதனால்தான் 20 விநாடி. நன்றாகத்தான் யோசித்திருந்தார். இதே யோசனையை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1845-ல் சொன்னார் என்பது அவருக்குத் தெரியாது, எனக்கும் அதற்கு முந்தைய வாரம்தான் தெரியும். இதில் உள்ள சிக்கலை டச்சு இயற்பியலாளர் லோரன்ட்ஸ் 1886-ல் எடுத்துக் காட்டினார். 20 விநாடி சரியாக வர வேண்டுமானால் ஈதரில் எங்கேயும் சுழிப்பு இருக்கக் கூடாது. அழுத்தினால் அடங்காத ஒரு திரவம் சுழிப்பே இல்லாமல் ஒரு பந்தைச் சுற்றி ஓடினால் அது பந்தின் மேற்பரப்பில் வழுக்கித்தான் ஆக வேண்டும், ஒட்ட முடியாது. வழுக்கினால் மைக்கல்சனுக்குப் பட்டை நகர்ந்திருக்கும். அப்படியானால் ஈதர் அழுத்தினால் அடங்குகிற பொருள் என்று வைத்துக்கொள்வோமே என்று மாக்ஸ் பிளாங்க் ஒரு வழி சொல்லிப் பார்த்தார். அதற்குப் பூமியின் அருகே ஈதர் பல பத்தாயிரம் மடங்கு அடர்த்தியாக இருக்க வேண்டும், அவ்வளவு அடர்ந்தும் ஒளியின் வேகம் கொஞ்சமும் மாறக் கூடாது. அப்புறம் 1925-ல் மைக்கல்சனும் கேலும் 613 மீட்டருக்கு 339 மீட்டர் செவ்வகமாகக் குழாய் போட்டு, காற்றை வெளியேற்றி, ஒளியை இரண்டு திசையிலும் சுற்றவிட்டுப் பூமியின் சுழற்சியையே அளந்தார்கள். கணக்குப்படி 0.236 பட்டை, பார்த்தது 0.230. ஈதர் தரையோடு ஒட்டிச் சுழன்றிருந்தால் அங்கே பூஜ்யம்தான் வந்திருக்கும். "அப்போ பூமியோட வருது, ஆனா சுத்தலைன்னு வெச்சுக்கலாமே" என்றார் மாமா. வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஈதருக்கு ஒரு புதுக் குணத்தை ஒட்டவைத்துக்கொண்டே போனால் கடைசியில் நம் கையில் இருப்பது கொள்கையா, நடந்து முடிந்தவற்றின் பட்டியலா? இதைக் கேட்டபோது அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த மாதம் அவர் கொண்டுவந்த திருத்தத்தைப் பார்த்து எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஈதரை அசையாமல் நிறுத்திவிட்டார், அதற்குள் ஓடுகிற அளவுகோல் ஓடும் திசையில் சுருங்கும் என்று வைத்தார், ஓடுகிற கடிகாரம் மெதுவாகும் என்று வைத்தார். சமன்பாட்டைப் பார்த்தேன், லோரன்ட்ஸ் 1904-ல் எழுதியதும் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்கரே 1905-ல் செம்மைப்படுத்தியதும் அப்படியே இருந்தது. யாரும் காட்டிக் கொடுக்காமல், அளவீடுகள் நெருக்க நெருக்க, ஒரு மனிதர் தன் மேசையில் உட்கார்ந்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

இது அறிவியல்படி நிற்குமா? நிற்கும். ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் தருகிற ஒவ்வொரு எண்ணையும் இதுவும் தரும், எந்தச் சோதனையாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. குவாண்டம் இயற்பியலில் பெரும் பெயர் பெற்ற ஜான் பெல், மாணவர்களுக்குச் சார்பியலை லோரன்ட்ஸ் வழியாகவும் சொல்லித்தர வேண்டும், சுருக்கம் ஏன் வருகிறது என்று அப்போதுதான் பிடிபடும் என்று 1976-ல் எழுதினார். ஆகவே 'ஈதர் என்று சொன்னாலே போலி அறிவியல்' என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இதில் ஒரு விலை இருக்கிறது. அந்த ஈதருக்குள் நாம் எந்தப் பக்கம் ஓடுகிறோம், எந்த வேகத்தில் ஓடுகிறோம் என்பதை எப்பேர்ப்பட்ட கருவியாலும் கண்டுபிடிக்க முடியாதபடி சமன்பாடே பார்த்துக்கொள்கிறது. லேசர் ஒளியைக் கண்ணாடிகளுக்கு நடுவே அடைத்துவைத்துப் பார்க்கிற இன்றைய லேசர்-குழிவுச் சோதனைகள் ஒளியின் வேகம் திசைக்குத் திசை மாறுகிறதா என்று பத்தின் 17-ஆவது அடுக்கில் ஒரு பங்கு வரைக்கும் தேடிப் பார்த்துவிட்டன, ஒன்றும் கிடைக்கவில்லை. ஒளிந்துகொள்வது மட்டுமே வேலையாக இருக்கிற ஒரு பொருளை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்பதை அளவீடு தீர்மானிக்காது. நான் விட்டுவிடுவேன், மாமா வைத்துக்கொள்வார். ஆனால் அதை மாற்றுக் கொள்கை என்று சொல்ல முடியாது, அதே கொள்கைக்கு வேறு ஒரு விளக்கம், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை அவர் ஏற்றுக்கொள்ள இரண்டு மாதம் ஆனது.

இடையில் கடிகாரச் சண்டை ஒன்று. "கடிகாரம் மெதுவா ஓடுதுன்னா அது கடிகாரத்தோட கோளாறு, காலத்தோட கோளாறு இல்லை." இதை அவர் பல தடவை சொன்னார், இணையத்திலும் நிறையப் பேர் சொல்கிறார்கள், பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். மியூவான் என்ற துகளுக்குள் பல்சக்கரமோ சுருள்வில்லோ கிடையாது. சும்மா வைத்திருந்தால் சராசரியாக 2.2 மைக்ரோ விநாடியில் சிதைந்துவிடும். 1970-களில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஒரு வளையத்துக்குள் ஒளியின் வேகத்தை ஒட்டி அதைச் சுற்றவிட்டபோது 64 மைக்ரோ விநாடி உயிரோடு இருந்தது. 29 மடங்கு, கணக்குச் சொன்ன அதே மடங்கு. 1971-ல் ஹேஃபலும் கீட்டிங்கும் சீசியம் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். கிழக்கே போனவை 59 நானோ விநாடி பின்தங்கின, மேற்கே போனவை 273 நானோ விநாடி முந்தின; பூமியின் சுழற்சியையும் உயரத்தையும் சேர்த்துப் போட்ட சார்பியல் கணக்கோடு இரண்டும் பொருந்தின. துகள், அணு, எதை வைத்தாலும், பொறிமுறை எவ்வளவு வேறாக இருந்தாலும் எல்லாமே ஒரே விகிதத்தில் மெதுவாகிறது என்றால், அந்தப் பொதுவான விகிதத்துக்குக் காலம் என்று பெயர் வைப்பதில் தவறென்ன? "ரெண்டு பேரும் அடுத்தவர் கடிகாரம்தான் மெதுவுன்னு சொன்னா அது முரண்பாடு இல்லையா" என்று அவர் கேட்டதை ஹெர்பர்ட் டிங்கிள் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ராயல் வானியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர், சார்பியலைப் பற்றித் தானே புத்தகம் எழுதியவர். பிரிந்து போய்த் திரும்பி வந்து ஒரே மேசையில் இரண்டு கடிகாரத்தையும் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் ஒருவராவது திரும்பியாக வேண்டும், அங்கே இருவரும் சமம் என்ற நிலை உடைந்துவிடுகிறது. இதற்கு மேல் அதில் சண்டை போட ஒன்றும் இல்லை.

இன்னொரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. 1977-ல் என்டிஎஸ்-2 என்ற செயற்கைக்கோளை ஏவினார்கள், ஜிபிஎஸ்ஸுக்கு முன்னோடி. உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோ விநாடி முந்தும், வேகத்தால் 7 மைக்ரோ விநாடி பிந்தும், மொத்தத்தில் 38 முந்தும் என்று ஜிபிஎஸ் கோள்களுக்குச் சார்பியல் சொல்கிறது. அப்படியே விட்டால் நிலை காட்டுவதில் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் பிழை சேரும். இந்தத் திருத்தம் உண்மையில் தேவையா என்று அன்றைக்குப் பொறியாளர்கள் எல்லோருக்கும் நம்பிக்கை இல்லை. அதனால் திருத்துகிற கருவியைப் பொருத்தி, அதை அணைத்தே அனுப்பினார்கள், வேண்டுமானால் தரையிலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்று. இருபது நாள் பார்த்தார்கள். ஒரு லட்சம் கோடியில் 446.5 பங்கு விலகும் என்று கணக்குச் சொன்னது, 442.5 பங்கு விலகியது. கருவியைப் போட்டார்கள். இதைச் சொன்னதும் மாமா முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது, பொறியாளராக அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

மாமாவுக்கு உண்மையான மனத்தாங்கல் வேறு இடத்தில் இருந்தது. ஐன்ஸ்டைனை யாரும் தொடக் கூடாது என்று ஒரு கூட்டம் காவல் காக்கிறது என்று அவர் நம்பினார். இதில்தான் எனக்குப் பொறுமை குறைந்தது, ஏனென்றால் நடந்தது இதற்கு நேர் எதிர். 1905 முடிந்த கையோடு கௌஃப்மன் எலக்ட்ரான்களை வைத்து அளந்து, லோரன்ட்ஸ்-ஐன்ஸ்டைன் கணக்கு பொருந்தவில்லை, மாக்ஸ் ஆபிரகாமின் போட்டிக் கொள்கைதான் நெருங்குகிறது என்றார். யாரும் அதை மூடி மறைக்கவில்லை, மேலும் மேலும் அளந்தார்கள், அளவீடு கூர்மையானபோது தராசு மறுபக்கம் சாய்ந்தது. டேட்டன் மில்லர் 1920-களில் மவுண்ட் வில்சன் மலையுச்சியில் மைக்கல்சனுடையது போன்ற கருவியை ஆயிரக்கணக்கான தடவை சுற்றி, பூமி ஈதருக்குள் பாய்வதால் வீசுகிற 'ஈதர் காற்று' தெரிகிறது என்று அறிவித்தார், அதற்காக அமெரிக்க அறிவியல் சங்கம் ஒன்றின் பரிசையும் வாங்கினார். மில்லர் சொல்வது உறுதியானால் தன் கொள்கை விழும் என்று ஐன்ஸ்டைனே ஒப்புக்கொண்டார். 1955-ல் மில்லரின் பழைய மாணவரான ஷாங்க்லண்டும் கூட்டாளிகளும் அந்தப் பதிவேடுகளைத் திரும்பத் தோண்டி, அது அறையின் வெப்பநிலை வேறுபாடு செய்த வேலை என்று காட்டினார்கள். 2011-ல் செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற இத்தாலியின் கிரான் சாஸோவுக்குப் போன நியூட்ரினோ என்ற துகள்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி முன்னால் வந்துவிட்டதாக ஓபெரா என்ற ஆய்வுக்குழு உலகத்துக்கே சொன்னது. சரியாகச் செருகப்படாத ஓர் ஒளியிழைக் கேபிள்தான் அதில் முக்கியக் காரணம் என்பது சில மாதம் கழித்துத் தெரிந்தது. காவல் காக்கிற கூட்டம் அப்படியா வெளியே சொல்லும்?

மாற்றுக் கொள்கைகளை அதிகம் உண்டாக்கியதும் இயற்பியலாளர்கள்தான். ஒளி உமிழும் பொருளின் வேகத்தையும் ஒளியோடு கூட்ட வேண்டும் என்றார் ரிட்ஸ், 1908-ல். அப்படியானால் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களின் ஒளி முன்னும் பின்னுமாகக் குழம்பி வர வேண்டும், வரவில்லையே என்று 1913-ல் டி சிட்டர் காட்டினார். 1964-ல் செர்னில் ஒளியின் வேகத்தில் 99.975 சதவீதத்தில் பாய்கிற பையான் என்ற துகள்கள் சிதைந்து வெளிவந்த ஒளியை அளந்தார்கள், அது அதே பழைய வேகத்தில்தான் போனது. நோர்ட்ஸ்ட்ராம் 1913-ல் கொடுத்த ஈர்ப்புக் கொள்கை உள்முரண் ஒன்றும் இல்லாத நேர்த்தியான கொள்கை, ஐன்ஸ்டைனே அதை மதித்தார். ஆனால் சூரியன் அருகே ஒளி வளையாது என்று அது சொன்னது, 1919 மே 29 கிரகணத்தில் ஒளி வளைந்தது, முடிந்தது. கார்ல் பிரான்ஸும் ராபர்ட் டிக்கியும் 1961-ல் கொடுத்த கொள்கையில் ஓர் எண்ணை நாமே திருகி வைத்துக்கொள்ளலாம், அதனால் அது இன்னும் சாகவில்லை, ஆனால் 2003-ல் காசினி விண்கலத்தின் ரேடியோ அலைகள் சூரியனை உரசிப் போனபோது எடுத்த அளவீடு அந்த எண்ணை 40,000-க்கு மேலே தள்ளிவிட்டது. அந்த உயரத்தில் அது கிட்டத்தட்ட ஐன்ஸ்டைன் சொன்னதையேதான் சொல்லும். பெக்கன்ஸ்டைன் 2004-ல், ஈர்ப்பு விதியையே மாற்ற வேண்டும் என்ற மில்க்ரோமின் யோசனையை வளர்த்து, கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரிகிற 'கரும்பொருள்' வேண்டாத ஓர் ஈர்ப்புக் கொள்கை செய்தார். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பு அலையும் காமா கதிரும் சுமார் 13 கோடி வருடம் பயணம் செய்து 1.7 விநாடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. ஈர்ப்பு அலையும் ஒளியும் வேறு வேறு வேகத்தில் போகும் என்று சொன்ன இந்தக் கொள்கை உட்பட ஒரு குடும்பமே அந்த ஒரு சோதனையில் அடிபட்டது. 'ஈதர்' என்ற பெயரோடு ஜேக்கப்சனும் மேட்டிங்லியும் செய்த கொள்கை ஒன்று இப்போதும் ஆய்வில் இருக்கிறது, பெயரைப் பார்த்து யாரும் விரட்டவில்லை.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. தோற்கக்கூடிய இடத்தை அவர்களின் சமன்பாடே சொல்லிவிட்டது. இந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் தேடியதும் அதுதான். ஏற்கெனவே அளந்த எண்கள் எல்லாம் திரும்ப வருகின்றனவா, பிராட்லியின் 20, மியூவானின் 29 மடங்கு, நாளுக்கு 38 மைக்ரோ விநாடி? வந்தால், எங்கேயாவது ஓரிடத்தில் வேறு எண் வருகிறதா? இந்த இரண்டு கேள்விக்கும் பேனாவால் பதில் எழுத முடியாத மாற்றுக் கொள்கைகள்தான் நான் இணையத்தில் பார்த்ததில் பெரும்பாலானவை. அவை 1905-ஆம் வருடக் கட்டுரையோடு மட்டும் சண்டை போடுகின்றன, அதற்கப்புறம் யாரும் எதையும் அளக்கவே இல்லை என்பதுபோல. ஐன்ஸ்டைனைப் பிடிக்கவில்லை என்பதிலோ 'பொது அறிவுக்கு ஒவ்வவில்லை' என்பதிலோ எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அது ஒரு கொள்கையின் தொடக்கமாக இருக்கலாமே தவிரக் கொள்கை ஆகாது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையான பொதுச் சார்பியல் கடைசி வார்த்தை என்றும் நான் நினைக்கவில்லை. கருந்துளையின் நடுவில் அது உடைகிறது, குவாண்டத்தோடு ஒத்துப்போக மறுக்கிறது. ஒரு நாள் அதைத் தாண்டி ஒன்று வரும். வருவது பழைய எண்களை எல்லாம் கையோடு கொண்டுவர வேண்டும், ஐன்ஸ்டைன் நியூட்டனைக் கொண்டுவந்ததுபோல.

போன மாதம் மாமாவிடம் ஒரே ஒரு கணக்குக் கேட்டேன். புதன் கோள். அது சூரியனைச் சுற்றும் நீள்வட்டம் மெல்ல மெல்லத் திரும்புகிறது, நூறு வருடத்தில் சுமார் 575 கோண விநாடி. மற்றக் கோள்களின் இழுப்பு சுமார் 532 விநாடிக்குக் கணக்குச் சொல்லிவிடும். மீதி 43. இந்த மீதியை 1859-ல் முதலில் பார்த்தவர் லெவெரியே, அவருடைய கணக்கில் 38 வந்தது. ஏற்கெனவே இதே மாதிரி ஒரு மீதியை வைத்து நெப்டியூனைக் கண்டுபிடித்தவர் என்பதால் சூரியனுக்கு மிக அருகே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார், வல்கன் என்று அதற்குப் பெயரும் வைத்துப் பல வருடம் தேடினார்கள். அப்படி ஒன்று இல்லை. நியூகோம் 1882-ல் மீதியை 43 என்று திருத்தினார். ஐன்ஸ்டைன் 1915 நவம்பரில் அதே 43-ஐ எந்த எண்ணையும் திருகாமல் எடுத்தார். "உங்க ஈதரை வெச்சு எவ்வளவு வருதுன்னு போட்டுப் பாருங்க மாமா" என்றேன். லோரன்ட்ஸ் சமன்பாடும் நியூட்டனின் ஈர்ப்பு விதியும் மட்டும் இருந்தால் எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. நேற்று மாலை தொலைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். நோட்டின் 113-ஆவது பக்கம், புதிதாக ஒட்டியது, நீல மை, இந்தத் தடவை நிறைய அடித்தல் திருத்தல். நான் வரிக்கு வரி சரிபார்த்தேன், தொகையீட்டில் ஒரு பிழைகூட இல்லை. கடைசி வரியில் 7.2 என்று எழுதிச் சுற்றிலும் கட்டம் போட்டிருந்தார், 43-ல் சரியாக ஆறில் ஒரு பங்கு. கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், "கணக்கு சரி. 43 வேண்டும், 7 தான் வருகிறது. அப்படியென்றால் ஈர்ப்பு விதியைத்தான் மாற்ற வேண்டும் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா?"

வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.